பிளாக் கோஸ்ட் ஏன் சாப்பிட மாட்டேங்குது?

வணக்கம் மக்களே. டேங்க் லைட்ட அணைச்சுட்டேன், சிவப்பு லைட் மட்டும்தான் எரியுது. கொஞ்சம் மங்கலா இருக்கும், பொறுத்துக்குங்க.

சிங்கப்பூர்ல சிராங்கூன் நார்த் பக்கம் மீன் கடைகள்ல பிளாக் கோஸ்ட் நைஃப்ங்கிற கருப்பு மின்மீன வாங்கிட்டுப் போறவங்க பெரும்பாலும் சொல்றது இதான்: "புழு போட்டா திரும்பிக்கூடப் பாக்கலைங்க!" பாக்காதுங்க. இது கண்ண நம்பி இரை தேடுற மீனில்ல. வால் பக்கத்துல இருக்கிற உறுப்பு வினாடிக்கு சுமார் 1,000 தடவை மெல்லிசா மின்சாரத்தத் துடிக்க விடும். நமக்கு ஷாக்கெல்லாம் அடிக்காது. பக்கத்துல புழு வந்தா, உடம்பச் சுத்தி உண்டாகுற அந்த மின்புலம் லேசா கலையும், தோல் பூரா இருக்கிற உணரிகள் அதப் பிடிச்சிடும். ஆனா சின்ன இரைன்னா எட்டுறது வெறும் 2, 3 செ.மீ. தான். மேல மிதக்கிற புழு இதுக்கு இல்லாத மாதிரி.

இப்ப பாருங்க, தலைய கீழ சாய்ச்சு மணல ஒட்டி வருது. புழு முதுகுப் பக்கம் வந்துச்சு... டக்குனு பின்னாடி போயி, வாய் புழுகிட்ட வந்ததும் கவ்விடுச்சு பாத்தீங்களா! அடி வயித்துல ஓடுற நீளத் துடுப்புதான் இப்படி ரிவர்ஸ் போக வைக்குது.

அமேசான்ல இதோட சொந்தக்காரங்க கலங்கல் தண்ணியில, ஆழமான ஆத்துப் பாதையில ராத்திரிதான் மேயும். பெரும்பாலும் பூச்சிப்புழுதான் சாப்பாடு. நீளக் குழாய் மூக்கு வெச்ச ஸ்டெர்னார்க்கோரிங்கஸ், பொந்துக்குள்ள மூக்க விட்டு இழுத்துத் தின்னும். மாகோஸ்டெர்னார்க்கஸ் இன்னும் மோசம், மத்த மின்மீனோட வாலையே கடிச்சுத் தின்னும். நம்ம நீர்த்தேக்கங்கள்ல மாட்டுற கிளவுன் நைஃப் வேற இனம். பேர்லதான் நைஃப், அதுகிட்ட மின்சாரம் கிடையாது.

சரி, எப்படி ஊட்டுறது? லைட் அணைச்சு அரை மணி நேரம் கழிச்சு ஆரம்பிங்க. ஃப்ரோசன் பிளட்வோர்ம், அதாவது உறைய வெச்ச சிவப்புப் புழு, ஒரு கியூப், தண்ணியில கரைச்சு, வலையில வடிச்சு அலசுங்க. அந்தச் சிவப்புச் சாறு உள்ள போனா தண்ணிதான் கெடும். ஃபில்டர பத்து நிமிஷம் நிறுத்துங்க, இல்லன்னா புழு அடிச்சுட்டுப் போயிரும். நீளமான பிப்பெட்ல, மீன் ஒளியிற குழாய் வாசல்லயே மெதுவா விடுங்க. முடிஞ்சதும் ஃபில்டர மறக்காம ஆன் பண்ணுங்க! அடியில கூர் இல்லாத மெல்லிசு மணல் போடுங்க. பெரிய கல்லு போட்டா புழு இடுக்குல விழுந்து அழுகும்.

கூட ஓடியாடித் தின்னுற மீன் இருந்தா அதுங்களுக்கு முதல்ல லைட்டோட போட்டு வயித்த நிரப்பிடுங்க.

இங்க நிறைய பேரு எதுக்கெடுத்தாலும் உப்பு போடுவாங்க. இந்த மீனுக்கு அது வேணாம். உப்பு கூடக்கூட தண்ணியில மின்சாரம் கடத்துறது கூடும், இரையக் கண்டுபிடிக்கிற தூரம் குறையும். செதில் ரொம்பப் பொடிசா இருக்கிற மீன், அதனால செம்பு கலந்த மருந்தும் ஆபத்து. பைப் தண்ணி மாத்தும்போது குளோரமைனையும் சரிபண்ற ஆன்டி-குளோரின் பாத்து வாங்குங்க, நம்ம ஊர் தண்ணியில கிருமியக் கொல்லக் கலக்குறது குளோரமைன்தான்.

ஜோடியா வாங்கலாமான்னு கேக்குறீங்க. ரெண்டோட மின் துடிப்பு வேகமும் நெருங்கி வந்தா ஒண்ணோட சிக்னல ஒண்ணு குழப்பும், இடத்துக்குச் சண்டையும் போடும். ஒரு மீனே அரை மீட்டர் வரைக்கும் வளரும்ங்க. ஒரு டேங்குக்கு ஒண்ணு வாங்குங்க.