ஹால் நடுவில் ஒரு கன மீட்டர் கட்டிவிட்டோம்!

வணக்கம், வணக்கம். கோப்பி கையில் இருக்கிறது, வழக்கம்போல் பேசி முடிப்பதற்குள் ஆறிவிடும். எனக்குப் பின்னால் வெள்ளையாக ஒரு கூண்டு தெரிகிறதே, பார்த்தீர்களா? போன வாரம் நேரலையில் இதன் ஒரு மூலைதான் தெரிந்தது. அதற்கே "அக்கா, கோழி வளர்க்கப் போகிறீர்களா?" என்று கேட்டுவிட்டீர்கள். கோழி இல்லை. இது ஒரு கன மீட்டர். நீளம் ஒரு மீட்டர், அகலம் ஒரு மீட்டர், உயரம் ஒரு மீட்டர். கோலாலம்பூர், செந்தூலில் 14ஆம் மாடி வீட்டில், சோபாவைச் சுவரோரம் தள்ளிவிட்டு நிறுத்தியிருக்கிறேன். மூன்று நாளாக இதைச் சுற்றிச் சுற்றி வருகிறேன், அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் இது ஆரம்பித்தது சந்தோஷத்தில் இல்லை. பெரியவன் டியூஷனில் இருந்து ஒரு பயிற்சித்தாள் கொண்டு வந்தான். எந்த டியூஷன் என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். தாளின் தலையில் கட்டம் கட்டி, "மீட்டரைச் சென்டிமீட்டராக மாற்ற இரண்டு சுழியம் சேர்க்கவும்" என்று போட்டிருந்தது. கீழே ஒரு கேள்வி: 3 கன மீட்டர் எத்தனை கன சென்டிமீட்டர்? இவன் சொன்னபடி கேட்கிற பிள்ளை. இரண்டு சுழியம் சேர்த்து 300 என்று எழுதிவிட்டான். அதன் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு, பக்கத்தில் "6 சுழியம்!" அவ்வளவுதான். ஏன் ஆறு என்று ஒரு வரி இல்லை.

அந்த ஆச்சரியக்குறியைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. 300 கன சென்டிமீட்டர் என்றால் 300 மில்லிலிட்டர். கடையில் வாங்குகிற ஒரு டின் குளிர்பானத்தில் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். இந்தக் கூண்டு மாதிரி மூன்றை ஒரு டின்னுக்குள் அடைத்துவிடலாம் என்று பிள்ளை எழுதியிருக்கிறான், அது அவனுக்கு உறுத்தவே இல்லை. எப்படி உறுத்தும்? ஒரு கன மீட்டரை அவன் கண்ணால் பார்த்ததே இல்லையே.

இந்த "சுழியம் சேர்" முறை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. தோசையை வெட்டிப் பின்னம் சொல்லிக்கொடுத்த காணொளியிலேயே சொல்லியிருக்கிறேன். நீளத்துக்கு 2, பரப்பளவுக்கு 4, கன அளவுக்கு 6. சென்டிமீட்டர், மில்லிமீட்டர் என்றால் 1, 2, 3. லிட்டர் வந்துவிட்டால் 3. இத்தனையையும் மனப்பாடம் செய்த பிள்ளை பரீட்சை மண்டபத்தில் எதை எடுக்கும்? கைக்கு வந்ததை எடுக்கும்.

சரி, நான் என்ன செய்தேன் என்று காட்டுகிறேன். முதலில் சின்னது. 1 சென்டிமீட்டர் பிளாஸ்டிக் கட்டைகள், ஒரு பையில் 100. மணிலா அட்டையில் 10 சென்டிமீட்டர் நீளம், அகலம், உயரம் வைத்து, மேலே மூடி இல்லாத ஒரு பெட்டி செய்துகொண்டோம். இதை நிரப்ப 1,000 கட்டை வேண்டும். ஆனால் 1,000 கட்டை வாங்க வேண்டியதில்லை! அடியில் ஒரு தளம் பரப்பினால் 100 போய்விடும். அப்புறம் ஒரே ஒரு மூலையில் மட்டும், மேலே 9 கட்டை அடுக்கினால் பெட்டியின் விளிம்பு வந்துவிடும். மொத்தம் 109. அந்த 9 கட்டைக்காக இன்னொரு பை வாங்க மனம் வரவில்லை, அட்டையிலேயே சின்னச் சின்னதாக மடித்துச் செய்துவிட்டோம்.

இப்போது பிள்ளையிடம் கேட்டேன்: "ஒரு மாடியில் எத்தனை வீடு?" நாங்கள் அடுக்குமாடியில் இருக்கிறோம், அவனுக்கு இது தண்ணீர் பட்ட பாடு. "நூறு." "எத்தனை மாடி?" மூலையில் இருக்கிற தூணை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினான், "பத்து." "மொத்தம்?" "ஆயிரம்." நீளம் பெருக்கல் அகலம் பெருக்கல் உயரம் என்று நான் வாயே திறக்கவில்லை. ஒரு மாடியில் உள்ள வீடுகளை மாடிகளின் எண்ணிக்கையால் பெருக்குகிறோம், கன அளவு அவ்வளவுதான். சூத்திரத்தை அவனாகவே சொல்லட்டும் என்று காத்திருந்தேன், சொன்னான்.

கட்டைகளை எடுத்துவிட்டு, பெட்டிக்குள் பிளாஸ்டிக் பை விரித்து, அளவுக் குவளையில் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றினோம். இங்கே ஒன்று கவனியுங்கள். அட்டையின் பக்கங்கள் தண்ணீர் பாரத்தில் வெளியே தொப்பை தள்ளும், தண்ணீர் விளிம்புக்குக் கொஞ்சம் கீழேயே நின்றுவிடும். நான்கு பக்கமும் தடித்த புத்தகங்களை அணைத்து வைத்தபோதுதான் விளிம்பு வரை ஏறியது. சின்னவள் கைதட்டினாள். 1,000 கன சென்டிமீட்டர், ஒரு லிட்டர், இரண்டும் ஒரே இடம்.

பெரியவன் "அது எப்படிம்மா சரியா வந்துச்சு?" என்று கேட்டான். தற்செயல் இல்லை, அப்படித்தான் லிட்டரையே உண்டாக்கினார்கள். பிரான்சில் 1795இல் மீட்டர் முறைக்குச் சட்டம் போட்டபோது, பக்கம் 10 சென்டிமீட்டர் உள்ள கனச்சதுரம் கொள்ளுகிற அளவுதான் லிட்டர் என்று வைத்தார்கள். நடுவில் 1901இல், ஒரு கிலோ தண்ணீர் பிடிக்கும் இடம்தான் லிட்டர் என்று மாற்றினார்கள். அது பத்து லட்சத்துக்கு 28 பங்கு கூடுதலாகப் போய்விட்டது. 1964இல் பழையபடி கனச்சதுரத்துக்கே திரும்பிவிட்டார்கள். இந்தக் கதை அவனுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. தாத்தாவுக்குப் போன் போட்டுச் சொன்னான்.

இப்போது பெரியது. அந்த பைப் விஷயத்தை நான் சொல்லியே ஆக வேண்டும்.

கனச்சதுரத்துக்கு 12 விளிம்பு, 8 முனை. ஒரு மீட்டர் பிவிசி பைப் 12 வேண்டும். ஹார்ட்வேர் கடையில் பைப் 5.8 மீட்டர் நீளத்தில்தான் இருந்தது, ஒன்று 9 வெள்ளி (ரிங்கிட்) 50 காசு. துண்டாகத் தர மாட்டார்கள், முழுசாகத்தான் எடுக்க வேண்டும். ஒரு பைப்பில் 5 துண்டு வரும், 80 சென்டிமீட்டர் மிச்சம். 12 துண்டுக்கு மூன்று பைப். 28 வெள்ளி 50 காசு கொடுத்து, அங்கேயே மீட்டர் மீட்டராக வெட்டி வாங்கி வந்தேன்.

முனைகளுக்கு வைக்கும் இணைப்பு கடையில் இல்லை. L வடிவ எல்போ இருக்கிறது, T வடிவ டீ இருக்கிறது, இரண்டும் படுத்தபடிதான் போகும், மேலே ஏறாது. மூன்று பக்கமும் வாய் உள்ளது வேண்டும். கடை முதலாளி தவுக்கே ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பார்த்துவிட்டு, "இது தண்ணி பைப்புக்குப் போடறது இல்லை லா, ஆன்லைன்ல பாரு" என்றார். நல்ல மனிதர். ஆன்லைனில் ஒன்று 1 வெள்ளி 60 காசு, எட்டுக்கு 12 வெள்ளி 80 காசு. வந்து சேர நான்கு நாள்.

வந்ததும் பூட்டினோம். அப்படியே நின்றது! அளவு நாடாவை எடுத்துப் பிள்ளையிடம் கொடுத்தேன். வெளி விளிம்பில் இருந்து வெளி விளிம்பு வரை அளந்தான். 104 சென்டிமீட்டர். இன்னொரு பக்கம், 104. முனை இணைப்பின் கனம் இரண்டு பக்கமும் சேர்ந்துகொள்கிறது, அதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

"நாலு சென்டிமீட்டர்தானே, விடுங்கம்மா" என்றான். விடவில்லை. கணக்குப் போடச் சொன்னேன். 104 பெருக்கல் 104 பெருக்கல் 104, விடை 11,24,864. கன மீட்டருக்கு 10,00,000 கன சென்டிமீட்டர் போக, கூடுதல் 1,24,864. ஏறக்குறைய 125 லிட்டர்! பக்கத்தில் நூற்றுக்கு 4 பிசகினால் உள்ளே நூற்றுக்கு 12க்கு மேல் பிசகுகிறது, ஏனென்றால் அந்தப் பிசகு மூன்று திசையிலும் பெருகுகிறது. இந்த ஒரு கணக்கிலேயே ஆறு சுழியத்தின் ரகசியம் அவனுக்குப் பிடிபட்டது. "அப்போ நூறும் மூணு தடவை பெருகுது, அதான் ஆறு" என்றான். நான் சொல்லவில்லை, அவன் சொன்னான். அந்த இடத்தைப் படம் பிடிக்காமல் போனேனே என்று இன்னும் மனசு கேட்கவில்லை.

பிறகு 12 துண்டிலும் 4 சென்டிமீட்டர் அறுத்தோம். 96 சென்டிமீட்டர். அப்போதுதான் எனக்கு உறைத்தது. 96 பெருக்கல் 6 என்றால் 576. ஒரு பைப் 580! ஒரு பைப்பில் ஆறு துண்டு வந்திருக்கும், இரண்டு பைப் போதும், மூன்றாவது தேவையே இல்லை. முனை இணைப்பு வரும் வரை காத்திருந்து, அதை அளந்துவிட்டு பைப் வாங்கியிருந்தால் 9 வெள்ளி 50 காசு மிச்சம். செய்து பார்க்கப் போகிறவர்கள் தயவுசெய்து முனையை முதலில் வாங்குங்கள். வெளியளவு ஒரு மீட்டர் வருமாறு, உங்கள் முனையின் கனத்தைக் கழித்து அறுங்கள். எனக்கு 96, உங்களுக்கு வேறு மாதிரி வரலாம்.

இருங்கள், ஒன்றை விட்டுவிட்டேன். கடையிலேயே ஏன் வெட்டி வாங்கினேன் என்று கேட்பீர்கள். 5.8 மீட்டர் பைப் எங்கள் லிஃப்டில் ஏறாது, காரிலும் போகாது. அதனால்தான் அளக்கும் முன்பே வெட்ட வேண்டியதாயிற்று.

கூண்டு சரியான அளவுக்கு வந்ததும் சின்னவள் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டாள். பெரியவன் அட்டைப் பெட்டியை ஒரு மூலையில் வைத்து, கீழ் விளிம்பில் பத்து, பக்கவாட்டில் பத்து, மேலே பத்து என்று கையாலேயே அளந்து காட்டினான். 1,000 பெட்டி, 1,000 லிட்டர். தண்ணீராக நிரப்பினால் ஒரு டன், ஏறக்குறைய ஒரு மைவி காரின் எடை. சின்னவள் தரையைப் பார்த்தாள், "வீடு தாங்குமா?" நிரப்பப் போவதில்லை என்று சொன்ன பிறகுதான் அசைந்தாள்.

அப்புறம் தண்ணீர் பில்லை எடுத்துக் கொடுத்தேன். மாதாமாதம் வீட்டுக்கு வருகிறது, அதில் எழுதியிருப்பதே கன மீட்டர் கணக்குத்தான், ஒருவரும் பார்ப்பதில்லை. எங்களுக்குப் போன மாதம் 23. "இந்த மாதிரி 23 கூண்டாம்மா?" கண் விரிந்துவிட்டது. 23,000 லிட்டர், 30 நாள், வீட்டில் நான்கு பேர். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 192 லிட்டர். அன்று முதல் பல் தேய்க்கும்போது குழாயை மூடுகிறான். நான் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன விஷயம் அது.

ஒரு முக்கியமான விஷயம், மறப்பதற்குள் சொல்லிவிடுகிறேன். கேள்வியில் அலகுகள் கலந்து வந்தால் பிள்ளைகள் அப்படியே பெருக்கிவிடுவார்கள். தொட்டி நீளம் 1.2 மீட்டர், அகலம் 50 சென்டிமீட்டர், உயரம் 40 சென்டிமீட்டர் என்றால் 2,400 என்று எழுதுவார்கள். பெருக்குவதற்கு முன்பே பக்கங்களை ஒரே அலகுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். 120 பெருக்கல் 50 பெருக்கல் 40, அதாவது 2,40,000 கன சென்டிமீட்டர். 1,000 ஆல் வகுத்தால் 240 லிட்டர். பத்து லட்சத்தால் வகுத்தால் 0.24 கன மீட்டர். விடையை எழுதியதும் கூண்டைப் பார்க்கச் சொல்வேன்: அந்தத் தொட்டி இதில் கால் பங்கு இருக்குமா? இருக்கும். அப்போது சரி. 0.0024 என்று வந்தால் பார்த்த உடனே பிசகு தெரிந்துவிடும்.

இடைநிலைப்பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கு இன்னொன்று. அங்கே கன அளவு மலாயில் "இசிபாடு" ஆகிவிடும், கன மீட்டர் "மீட்டர் பாடு" ஆகிவிடும். சொல்தான் மாறுகிறது. கூண்டை ஒரு தடவை பார்த்த பிள்ளை எந்த மொழியில் கேட்டாலும் போட்டுவிடும்.

மாமியார் சனிக்கிழமை பட்டர்வொர்த்தில் இருந்து வருகிறார், அதற்குள் சோபா பழைய இடத்துக்குப் போயாக வேண்டும். பைப்புக்குப் பசை போடவில்லை, கழற்றினால் 12 குச்சி, 8 முனை, அலமாரிக்குப் பின்னால் நின்றுவிடும். செந்தூல், பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் யாராவது வகுப்புக்கு வேண்டும் என்றால் செய்தி அனுப்புங்கள், கொடுக்கிறேன். முனைகளை மட்டும் எண்ணி எட்டையும் திருப்பித் தந்துவிடுங்கள், அவை வந்து சேரவே நான்கு நாள் ஆனது.