29,227 வாக்குகள்

அனைவருக்கும் வணக்கம்.

ஆளுநர் என்றதும் நமக்கு ராஜ்பவன்தான் நினைவுக்கு வரும். டெல்லியிலிருந்து நியமிக்கப்பட்டு வருபவர். அமெரிக்காவில் அப்படியில்லை. மாநில ஆளுநரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். நம்மூர் முதலமைச்சரின் வேலையை அங்கே அவர் பார்க்கிறார். விஸ்கான்சின் மாநிலத்தில் 2018-ல் பதவியில் இருந்த ஆளுநரே மறுபடியும் நின்ற தேர்தலைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

அவர் பெயர் ஸ்காட் வாக்கர், குடியரசுக் கட்சிக்காரர். பதவிக்கு வந்த 2011-லேயே ஒரு சட்டம் கொண்டுவந்தார். ஆசிரியர்கள் உட்பட அரசு ஊழியர்களில் பெரும்பாலோர், சங்கமாகச் சேர்ந்து பேரம் பேசும் உரிமையை அந்தச் சட்டம் ஏறக்குறைய பறித்துவிட்டது. ஓய்வூதியத்துக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் சம்பளத்திலிருந்து கூடுதலாகப் பிடித்தார்கள். தலைநகர் மேடிசனில் மாநிலச் சட்டமன்றக் கட்டடத்துக்குள்ளேயே மக்கள் படுத்துத் தூங்கிப் போராடினார்கள், அதுவும் கடுங்குளிர் காலத்தில்! அப்புறம், அவரைப் பதவியிலிருந்து திரும்ப அழைக்க 9 லட்சத்துக்கும் மேற்பட்ட கையொப்பங்கள் திரண்டன. அவர் பதவியில் நீடிக்கலாமா என்று மக்கள் முடிவு செய்ய 2012-ல் ஒரு தேர்தலே நடந்தது. வாக்கர் ஜெயித்தார். 2014-லும் ஜெயித்தார்.

சரி, மக்கள் மறந்துவிட்டார்கள் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். 2018-ல் அவரை எதிர்த்து ஜனநாயகக் கட்சி நிறுத்திய டோனி எவர்ஸ் யார் தெரியுமா? ஆசிரியராகத் தொடங்கி, பள்ளி முதல்வராகி, மாநிலப் பள்ளிக் கல்வித் துறையின் தலைவர் பொறுப்புக்கு மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர். பள்ளிக்கூடத்துக்குப் பணம் எங்கே என்ற கேள்வியோடு வந்தார். மருத்துவக் காப்பீடும், பாக்ஸ்கான் தொழிற்சாலைக்கு மாநிலம் வாரிக் கொடுத்த சலுகைகளும் அந்தத் தேர்தலில் பேசப்பட்டன. அதிபர் டிரம்ப் மீதிருந்த அதிருப்தியும் சேர்ந்துகொண்டது. ஆனாலும் ஆசிரியர்களின் உரிமையில் கைவைத்தவர் ஓர் ஆசிரியரிடம் தோற்றது எனக்குத் தற்செயலாகப் படவில்லை.

எண்ணிக்கை நள்ளிரவு வரை இழுபறி. மில்வாக்கி நகரில் முன்கூட்டியே பதிவான பல்லாயிரம் வாக்குகள் கடைசியில் சேர்ந்தபோதுதான் எவர்ஸ் முந்தினார். மொத்தம் 26 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள், வித்தியாசம் 29,227. சதவீதத்தில் 1.1.

இந்த 1.1-ஐக் கொஞ்சம் கவனியுங்கள். வித்தியாசம் 1 சதவீதத்துக்குள் இருந்தால் மட்டுமே தோற்றவர் மறு எண்ணிக்கை கேட்கலாம் என்று ஒரு விதி அங்கே இருக்கிறது. அந்த விதிக்கு முந்தைய ஆண்டுதான் கையெழுத்திட்டிருந்தார் ஆளுநர் வாக்கர்! மறு எண்ணிக்கை கேட்க அவருக்கே வழியில்லை. மறுநாள் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

அதோடு நின்றிருந்தால் அவரை மனதாரப் பாராட்டியிருப்பேன். டிசம்பரில், புதிய ஆளுநரின் அதிகாரங்களைக் குறைக்கும் மசோதாக்களை அவருடைய கட்சியின் சட்டமன்றம் அவசரமாக நிறைவேற்றியது. பதவி முடியச் சில வாரங்களே இருந்த நிலையில் வாக்கர் அவற்றிலும் கையெழுத்திட்டார். அது வாக்களித்தவர்களுக்குச் செய்த அநியாயம் என்றே இன்றும் நான் சொல்வேன்.

குறைக்கப்பட்ட அந்த அதிகாரங்களோடுதான் எவர்ஸ் நான்கு ஆண்டுகள் ஆட்சி நடத்தினார். 2022-ல் பதவியில் இருக்கும் ஆளுநராக அவரே மக்கள் முன் நின்றார். இந்த முறை 3 சதவீதத்துக்கும் மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார்.