பலேர்மோவில் வாங்கக் கூடாத பொருளும் நின்று பார்க்க வேண்டிய தெருவும்

வணக்கம் உறவுகளே. இத்தாலியின் சிசிலித் தீவில், எங்கள் பலேர்மோ நகரத்தின் பல்லாரோ சந்தையின் மரக்கறி விலைகளைச் சொல்லித்தான் நான் எப்போதும் காணொளியைத் தொடங்குவேன் என்பது உங்களுக்குத் தெரியும். இன்றைக்கு அதை விட்டுவிட்டு நேரே விடயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் நேற்று வந்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. லண்டனிலிருந்து வந்து எங்கள் வீட்டில் தங்கியிருக்கும் சித்தியின் மகன், நண்பர்களுக்குக் கொடுப்பதற்கென்று குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் காந்தப் பொம்மைகளை ஒரு பை நிறைய வாங்கி வந்தான். எல்லாவற்றிலும் ஒரே ஆள்தான் நிற்கிறான். தலையில் தட்டைத் தொப்பி, தோளில் இரட்டைக்குழல் துப்பாக்கி, கீழே கொட்டை எழுத்தில் "மாஃபியா".

விலையைக் கேளுங்கள். அந்தத் துப்பாக்கிக்காரன் 4 யூரோ 50 சதம். அதே கடையில், அதே தட்டில், அதே அளவில், இந்த நகரத்தின் காவல் புனிதையான ரொசாலியா 2 யூரோ 50 சதம். பொம்மைகளைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, இந்த 2 யூரோ வித்தியாசம் எதற்கு என்று கடைக்காரரிடம் கேட்டேன். வெளிநாட்டவர்கள் இதைத்தான் தேடி வருகிறார்கள் என்றார். இரண்டும் ஒரே களிமண், ஒரே வர்ணம், பின்னால் ஒட்டியிருக்கும் காந்தமும் ஒன்றுதான். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டேன். ஆக, அந்த மேலதிக 2 யூரோவை நாம் கொடுப்பது துப்பாக்கிக்குத்தான்.

இது எனக்கு ஏன் இவ்வளவு வலிக்கிறது என்றால், இரண்டு நாட்களுக்கு முன், ஆகஸ்ட் 29 காலையில், நான் அல்ஃபியேரி தெருவில் நின்றிருந்தேன். லிபேரோ கிராஸி என்பவரை 1991ஆம் ஆண்டு அதே தேதியில் அந்தத் தெருவில்தான் சுட்டுக் கொன்றார்கள். காலையில் வீட்டிலிருந்து வேலைக்குப் புறப்பட்ட 67 வயது மனிதர். இரவு உடைகள் தைக்கும் சிக்மா என்ற தொழிற்சாலையை நடத்தி, சுமார் நூறு பேருக்கு வேலை கொடுத்தவர். அவர் செய்த ஒரே காரியம் கப்பம் கட்ட மறுத்ததுதான். இங்கே அந்தக் கப்பத்துக்குப் பெயர் பிட்ஸோ.

பிட்ஸோ எப்படி நடக்கிறது என்பதை, பயமாக இல்லையா என்று ஒவ்வொரு காணொளியின் கீழும் கேட்கும் உறவுகளுக்காகச் சற்று விளக்குகிறேன். சினிமாவில் காட்டுவதுபோல் யாரும் கதவை உதைத்துக்கொண்டு வருவதில்லை. கடையின் பூட்டுத் துவாரத்துக்குள் ஒருநாள் பசை ஊற்றப்பட்டிருக்கும். காலையில் சாவி நுழையாது. பிறகு மரியாதையாகப் பேசும் ஒருவர் வந்து, சிறையில் இருப்பவர்களின் குடும்பங்களுக்கு உதவி வேண்டும் என்றோ, தெருத் திருவிழாவுக்குப் பணம் சேர்க்கிறோம் என்றோ சொல்வார். மாதாமாதம் ஒரு தொகை, நத்தாருக்கும் உயிர்த்த ஞாயிறுக்கும் கொஞ்சம் கூடுதலாக. தொகையைப் பலராலும் கட்டக்கூடிய அளவிலேயே வைப்பார்கள். எல்லோரும் கட்ட வேண்டும் என்பதுதான் அவர்களுக்கு முக்கியம், ஏனென்றால் அந்தப் பகுதி யாருடையது என்பதை மாதந்தோறும் சொல்லிக் காட்டும் வழி அதுதான்.

கிராஸி 1991 ஜனவரி 10ஆம் தேதி, இந்தத் தீவின் பெரிய நாளிதழான ஜொர்னாலே தி சிசிலியாவில், தன்னை மிரட்டியவனை விளித்து ஒரு கடிதம் எழுதினார். மிரட்டல் தொலைபேசி அழைப்புகளுக்கும் குண்டுகளுக்கும் ஆகும் செலவை மிச்சப்படுத்திக்கொள்ளுங்கள், நாங்கள் பணம் தரப் போவதில்லை, காவல்துறையின் பாதுகாப்பைக் கேட்டுவிட்டோம் என்பது அதன் சாரம். இன்று கொடுத்தால் நாளை மாதத் தவணை கேட்பார்கள், கடைசியில் தொழிற்சாலையையே மூட வேண்டி வரும் என்று கணக்கையும் அதிலேயே தெளிவாகப் போட்டிருந்தார். ஆனால் அவரோடு தோள்கொடுத்து நின்றிருக்க வேண்டிய தொழிலதிபர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். எட்டு மாதங்கள் முடிவதற்குள் அவர் இல்லை.

அவர் விழுந்த இடத்தில் பளிங்குக் கல்வெட்டு கிடையாது. குடும்பத்தினர் அதை விரும்பவில்லை. ஒவ்வோர் ஆண்டும் அதே நாளில் நடைபாதையில் சிவப்பு வர்ணத்தை ஊற்றுகிறார்கள்; கையால் எழுதிய ஒரு தாளைச் சுவரில் புதிதாக ஒட்டுகிறார்கள். மாஃபியா கொன்றது என்று மட்டும் அந்தத் தாள் சொல்வதில்லை. தொழிலதிபர் சங்கத்தின் மௌனமும் கட்சிகளின் அலட்சியமும் அரசு இல்லாமையும் சேர்ந்தே அவரைக் கொன்றன என்று சொல்கிறது. வர்ணம் ஓரங்களில் இன்னும் காயாமல், கற்களின் இடுக்குகளில் ஓடியிருந்தது. பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் தன் கதவைத் திறப்பதற்கு முன் அங்கே வந்து சிறிது நேரம் நின்றுவிட்டுப் போனார். கிராஸியின் மனைவி பீனா மைசானோ 2016இல் காலமான பிறகும் இந்த வழக்கம் நிற்கவில்லை.

ஒன்றைச் சொல்லாமல் தாண்டிவிட்டேன். இந்தக் கொலை நடந்த ஆண்டின் கடைசி நாளில்தான், கப்பக்காரர்களை எதிர்த்து நின்று நட்டப்பட்ட வணிகர்களுக்கு உதவும் நிதியை அமைக்கும் அவசரச் சட்டத்தை இத்தாலிய அரசு கொண்டுவந்தது. ஒருவருடைய உயிர் போன பிறகுதான் சட்டம் வர வேண்டுமா என்று எனக்கு ஆத்திரம் வருகிறது. ஆனால் பலேர்மோவின் வரலாறு முழுக்க இப்படித்தான் இருக்கிறது. மாஃபியாக் கும்பலில் இருப்பதையே குற்றமாக்கி, அவர்களுடைய சொத்துகளைப் பறிமுதல் செய்ய வழிவகுத்த 1982 செப்டம்பர்ச் சட்டத்தை முன்வைத்தவர் நாடாளுமன்ற உறுப்பினர் பியோ லா தோர்ரே. அவரை அந்த ஆண்டு ஏப்ரல் 30ஆம் தேதி கொன்றார்கள். செப்டம்பர் 3ஆம் தேதி, காரீனி தெருவில், மாவட்ட அரச அதிபராக வந்திருந்த தள்ளா கியேசாவையும் அவருடைய மனைவியையும் கொன்றார்கள். அதன் பிறகு பத்தே நாட்களில் சட்டம் நிறைவேறியது.

மாஃபியாவின் ஆரம்பம் எங்கே என்று கேட்டால், எலுமிச்சைத் தோட்டங்களில் என்று சொல்ல வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த நகரத்தைச் சூழ்ந்த சமவெளி முழுவதும் எலுமிச்சையும் தோடையும் நிறைந்திருந்தன. பழங்கள் அமெரிக்காவுக்கும் இங்கிலாந்துக்கும் கப்பலேறின. காய் பறிபோகாமல் காப்பதற்குக் காவலாள், பாய்ச்சுவதற்குக் கிணற்று நீர், ஏற்றுவதற்குத் தரகர் என்று ஒவ்வொரு கட்டத்திலும் ஒருவன் குறுக்கே நின்று பணம் வாங்கினான். பிறகு 1950களிலும் 60களிலும் அந்தத் தோட்டங்களையே அழித்துச் சீமெந்துக் கட்டடங்களை எழுப்பினார்கள். சால்வோ லீமா, வீத்தோ சான்சிமீனோ ஆகிய அரசியல்வாதிகளின் காலம் அது. 1959 நவம்பரில், வில்லா தெலியெல்லா என்ற அழகான மாளிகையை இடிக்கத் தொடங்கினார்கள். அந்த நிலம் பல பத்தாண்டுகளாக வாகனத் தரிப்பிடமாகவே கிடந்தது. நம்மவர்கள் குடியிருக்கும் பல மாடிக் கட்டடங்களும் அந்தக் காலத்தில் எழுந்தவைதான்.

மாஃபியாவை எதிர்த்து விசாரணை நடத்திய நீதவான்களான ஃபல்கோனேயையும் போர்செல்லீனோவையும் பற்றி முன்பே தனிக் காணொளி போட்டிருப்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். அவர்கள் உருவாக்கிய பெரிய மாஃபியா வழக்குக்கென்றே உச்சார்தோனே சிறைக்குப் பக்கத்தில் கட்டிய நீதிமன்றத்தில், 1986 பிப்ரவரியிலிருந்து 1987 டிசம்பர் வரை, 470க்கும் மேற்பட்டவர்கள்மீது விசாரணை நடந்து, 300க்கும் மேற்பட்டவர்கள் தண்டிக்கப்பட்டார்கள். 1992 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதிசெய்தது. மே 23இல் ஃபல்கோனேயையும், 57 நாட்கள் கழித்து போர்செல்லீனோவையும் குண்டு வைத்துக் கொன்றார்கள். விமான நிலையத்துக்கு அந்த இருவருடைய பெயர்தான். அங்கிருந்து நகரத்துக்கு வரும் வழியில், கபாச்சியில், குண்டை வெடிக்கச் செய்தவர்கள் காத்திருந்த குன்றின்மீதுள்ள சிறிய வெள்ளைக் கட்டடத்தில் "மாஃபியா வேண்டாம்" என்று பெரிதாக எழுதியிருக்கிறது. சித்தியின் மகனும் அந்த வழியாகத்தான் வந்தான். கைபேசியிலிருந்து தலையை நிமிர்த்தியிருந்தால் பார்த்திருப்பான்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன். 2004 ஜூன் 29ஆம் தேதி காலையில் பலேர்மோ கண்விழித்தபோது, நகரத்தின் நடுப்பகுதியெங்கும் கறுப்புக் கரையிட்ட சிறு தாள்கள் ஒட்டப்பட்டிருந்தன. ஊரில் மதில்களில் ஒட்டும் கண்ணீர் அஞ்சலித் துண்டுப்பிரசுரத்தை நினைத்துக்கொள்ளுங்கள், அதே தோற்றம். கப்பம் கட்டும் மக்கள் மொத்தமும் மானமிழந்த மக்கள் என்று அதில் எழுதியிருந்தது. சிறிய மதுக்கடை ஒன்றைத் திறக்க நினைத்த இளைஞர் சிலர், செலவுக் கணக்குப் போடும்போது பிட்ஸோவையும் ஒரு வரியாகச் சேர்க்க வேண்டி வந்ததில் மனம் நொந்து செய்த வேலை அது. அதிலிருந்து அத்தியோபிட்ஸோ என்ற இயக்கம் பிறந்தது. கப்பம் கட்டாத கடைகளில்தான் வாங்குவோம் என்று முதலில் ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்கள் கையெழுத்திட்டார்கள். 2006இல் நூறு கடைகளின் பட்டியல் வெளிவந்தது. இப்போது ஆயிரத்துக்கும் மேற்பட்டவை இருக்கின்றன. கடைக் கதவிலுள்ள ஒட்டுத்தாளைப் பார்த்து அவற்றை அடையாளம் காணலாம்.

வந்து குடியேறியவர்களும் இதில் வெறுமனே வேடிக்கை பார்க்கவில்லை. மக்கேதா தெருவில் கடை வைத்திருந்த வங்கதேசத்தவர்கள், தங்களிடம் தொடர்ந்து பணம் பறித்தவர்களுக்கு எதிராக ஒன்றுசேர்ந்து வாக்குமூலம் கொடுத்ததால்தான் 2016இல் அந்தக் கும்பல் கைதானது. மொழி சரியாக வராத, வதிவிட அனுமதிக்காக வரிசையில் நிற்கும் நிலையில் இருப்பவனுக்கு அதற்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்பது எங்கள் ஆட்களுக்குச் சொல்லாமலே விளங்கும். ரொசாலியாவின் குகைக் கோயிலுக்கு மலையேறிப் போகும் நம்மவர்கள், அடுத்த முறை இறங்கி வரும்போது அந்தத் தெருவில் ஒரு சாமானாவது வாங்குங்கள்.

அந்தக் காந்தப் பொம்மைகள் என்னவாயின என்று கேட்பீர்கள். கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார், மாற்றித் தருவதற்கு மட்டும் சம்மதித்தார். ஒரு பை நிறைய ரொசாலியாவும், விலை வித்தியாசத்துக்கு எலுமிச்சைப் படம் வரைந்த நான்கு அலங்கார ஓடுகளும் கிடைத்தன. 2024இல் அக்ரிஜென்டோ நகர மேயர் இத்தகைய பொருட்களின் விற்பனையையே தடைசெய்ததை அவரிடம் சொன்னேன். அது அந்த ஊர் என்றார். கிராஸியைப் பற்றியும் சொன்னேன். அதற்கு அவர் ஒன்றும் பேசவில்லை. இன்று காலை அந்தப் பக்கம் போனபோது, வாசலில் சுழன்றுகொண்டிருந்த துப்பாக்கிக்காரன் தட்டு உள்ளே, குடைகளுக்குப் பின்னால் போயிருந்தது. வாசலில் எலுமிச்சை ஓடுகள் தொங்கின. எனக்கு வந்த மகிழ்ச்சியில், உள்ளே போய் இன்னும் இரண்டு ஓடுகள் வாங்கினேன்.

இங்கே வரும் திட்டமுள்ளவர்கள், தங்கும் விடுதியிலிருந்து உணவகம் வரை கப்பம் கட்டாத இடங்களை அத்தியோபிட்ஸோவின் பட்டியலில் தேடிப் பதிவுசெய்யலாம். ஃபல்கோனேயின் வீட்டு வாசலில், மக்கள் கடிதங்களையும் படங்களையும் மாட்டி வைக்கும் மரம் நொத்தார்பார்தொலோ தெருவில் நிற்கிறது. அல்ஃபியேரி தெருவையும் அதையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். சித்தியின் மகனைச் சனிக்கிழமை அங்கே கூட்டிக்கொண்டு போகிறேன், அதைத்தான் அடுத்த காணொளியில் பார்க்கப் போகிறீர்கள்.