ஆள் சேர்க்காத கம்பெனி

நண்பர்களே, அடிலெய்டு என்றால் நமக்குக் கிரிக்கெட் மைதானம்தான் ஞாபகத்துக்கு வரும். அதே ஊரில் இரண்டு பேர் உட்கார்ந்து பூச்சிகளை வரைந்துகொண்டிருந்த கதையைச் சொல்ல வந்திருக்கிறேன்.

ஆரி கிப்சன், வில்லியம் பெலன். இவர்கள் கம்பெனியின் பெயர் 'டீம் செர்ரி'; வீடியோ கேம் செய்கிறவர்கள். முன்னவர் அனிமேஷன் படக்காரர். 'லுடும் டேர்' என்று ஒரு போட்டி உண்டு. தலைப்பைக் கொடுத்து, இரண்டு மூன்று நாளுக்குள் ஒரு வீடியோ கேமையே முடிக்கச் சொல்வார்கள். நம்மூர்ப் புலவர்களுக்கு ஈற்றடி கொடுத்து வெண்பா கேட்பது மாதிரிதான். 2013-இல் இவர்கள் அதற்காகச் செய்தது 'ஹங்ரி நைட்'. அந்தக் கேம் நிலைக்கவில்லை. அதில் வந்த வெள்ளை முகத்துக் குட்டி வீரன் நிலைத்தான்.

அவனுக்காகப் பூமிக்கடியில் பாழடைந்த ஒரு பூச்சி ராஜ்ஜியத்தையே கட்டலாம் என்று 2014 நவம்பரில் கிக்ஸ்டார்ட்டரில், அதாவது பொதுமக்களிடம் நிதி திரட்டும் இணையதளத்தில், கையேந்தினார்கள். கேட்டது 35,000 ஆஸ்திரேலிய டாலர். 2,100-க்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்து 57,000-க்கு மேல் கொடுத்தார்கள். ஒரு பெரிய கம்பெனிக்கு இது விளம்பரச் செலவுக்குக்கூடக் காணாது.

பிறகு எப்படி அவ்வளவு பெரிய உலகம்? வீரனைப் பாருங்கள்: வெள்ளை முகம், இரண்டு கருங்குழிக் கண்கள், ஒரு போர்வை. வாய் கிடையாது, விரல் கிடையாது. இப்படி ஓர் உருவத்தை ஒருவர் கையாலேயே ஆயிரம் முறை வரையலாம். சிக்கனமே அழகாகிவிட்டது என்பது என் கணிப்பு. நிரல் எழுத டேவிட் காசி வந்தார். இசைக்கு அதே ஊர் கிறிஸ்டோபர் லார்கின்.

2017 பிப்ரவரி 24-இல் அந்தக் கேம் 'ஹாலோ நைட்' என்ற பெயரில் வந்தது. பிறகு சேர்த்த புதுப் பகுதிகளுக்குக் காசு வாங்கவில்லை. அடுத்த ஆண்டு நின்டெண்டோ ஸ்விட்ச் என்ற விளையாட்டுக் கருவியிலும் வந்தது. இதுவரை விற்றது ஒன்றரைக் கோடிக்கு மேல்.

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் கண்ணாடிக் கட்டடம் பிடித்து நூறு பேரை வேலைக்கு வைத்திருப்பார்கள். டீம் செர்ரி ஆள் சேர்க்கவில்லை. வந்த பணத்தில் அவகாசத்தை வாங்கிக்கொண்டார்கள். நிதி கொடுத்தவர்களுக்கு 'இரண்டாவது கதாபாத்திரம் தருகிறோம்' என்று சொல்லியிருந்த சின்ன வாக்கு, வளர்ந்து வளர்ந்து தனி கேமாகவே ஆனது. அதுதான் 'சில்க்சாங்'. அறிவித்தது 2019 பிப்ரவரியில். வெளிவந்தது 2025 செப்டம்பர் 4-இல்.

ஆறரை வருஷம்! ஏன் இத்தனை தாமதம் என்றால், சண்டையுமில்லை, சிக்கலுமில்லை, வேலை செய்வது சுகமாக இருந்தது என்கிறார்கள். வரைவதெல்லாம் கேமுக்குள் போய்விடுகிறதே என்று கிப்சன் ஒரு கட்டத்தில் படம் கிறுக்குவதையே நிறுத்தினாராம்! ஆனாலும் எனக்கு ஒரு குறை உண்டு. இடையில் மாசக்கணக்கில் பேச்சுமூச்சு இல்லை. காத்திருந்தவர்களுக்கு இரண்டு வரி எழுதிப் போட்டிருக்கலாம்.

வெளியீட்டு நாளை இரண்டு வாரம் முன்புதான் சொன்னார்கள். விலை 20 அமெரிக்க டாலர். வெளியான அன்றைக்கு, கம்ப்யூட்டர் கேம்களை விற்கும் ஸ்டீம் தளம் தடுமாறியது. நின்டெண்டோ கடையும் திணறியது. ஸ்டீமில் மட்டும் ஒரே நேரத்தில் 5 லட்சத்துக்கு மேற்பட்டோர் விளையாடினார்கள். தேதி தெரிந்ததுமே வேறு பல சிறு ஸ்டுடியோக்கள் தங்கள் கேம்களைத் தள்ளிவைத்துவிட்டன. கையேந்தித் தொடங்கிய அந்தச் சின்னக் கூட்டத்துக்கு வழிவிட்டு ஒதுங்கியவர்களும் சின்னக் கூட்டங்கள்தான்.