தீக்குள் 28 நொடிகள்

(திரையில்: இரவு விளக்கொளியில் பஹ்ரைன் பந்தயத் தடம்)

வணக்கம். 2020 நவம்பர் 29 அன்று, பஹ்ரைனில் ஃபார்முலா 1 பந்தயம் தொடங்கிய முதல் சுற்றிலேயே, ரொமெய்ன் குரோஜான் ஓட்டிய கார் மணிக்கு 192 கிலோமீட்டர் வேகத்தில் இரும்புத் தடுப்பில் மோதி இரண்டாகப் பிளந்தது. முன்பாதி தடுப்பைப் பிய்த்துக்கொண்டு நடுவில் செருகி நிற்க, எரிபொருள் குபீரெனப் பற்றிக்கொண்டது. ஏறத்தாழ 28 நொடிகள் கழித்து, சிக்கிக்கொண்ட இடது காலைக் காலணியிலிருந்து உருவிக்கொண்டு, அவர் அந்தத் தீக்குள்ளிருந்து எழுந்து வந்தார்.

பார்த்தவர்கள் பலரும் அதிசயம் என்றார்கள். ஆனால், அவரைக் காத்த ஏற்பாடுகளில் பெரும்பாலானவை, முன்னே யாரோ ஒருவர் உயிரிழந்த பிறகே வந்தவை.

தடுப்பின் இரும்புப் பட்டை அவருடைய தலையில் படாமல் விலக்கியது, ஓட்டுநர் இருக்கைக்கு மேல் வளைந்திருக்கும் ‘ஹேலோ’ என்னும் டைட்டானியக் கவசம். 2009இல் இங்கிலாந்தின் பிராண்ட்ஸ் ஹாட்ச் தடத்தில், வேறொரு காரிலிருந்து கழன்று வந்த சக்கரம் தலையில் மோதி, 18 வயது ஓட்டுநர் ஹென்றி சர்ட்டீஸ் இறந்தார். அத்தகைய விபத்துகளே இதன் தேவையை உணர்த்தின. இருந்தும் 2018இல் இது கட்டாயமானபோது எதிர்த்தவர்கள் பலர். தாமும் அவர்களில் ஒருவர் என்பதை மருத்துவமனைப் படுக்கையிலிருந்து குரோஜானே ஒப்புக்கொண்டார்.

மருத்துவர் இயன் ராபர்ட்ஸ் சில நொடிகளில் தீயருகே வந்து நின்றதற்கும் ஒரு மரணமே காரணம். 1978இல் இத்தாலியின் மோன்ஸாவில் ஓட்டுநர் ரோனி பீட்டர்சன் விபத்தில் கால்கள் நொறுங்கிக் கிடந்தபோது ஆம்புலன்ஸ் வரத் தாமதமாயிற்று. மறுநாள் அவர் இறந்தார். அதன் பிறகே, அறுவை மருத்துவர் சிட் வாட்கின்ஸின் வற்புறுத்தலால், முதல் சுற்றில் பந்தயக் கார்களுக்குப் பின்னாலேயே மருத்துவக் காரும் செல்லத் தொடங்கியது.

(திரையில்: மழையில் நனைந்த ஸ்பா தடம், கறுப்பு வெள்ளைப் படம்)

இவற்றுக்கெல்லாம் முன்பு, 1966இல், பெல்ஜியத்தின் ஸ்பா தடத்தில் மழையில் சறுக்கிய ஜாக்கி ஸ்டீவர்ட்டின் கார் சாலையோரம் பாய்ந்து நசுங்கியது. ஸ்டீயரிங் காலை அழுத்திப் பிடித்திருக்க, உடையெல்லாம் பெட்ரோலில் ஊற, எந்தப் பொறி எப்போது விழுமோ என்ற நிலையில் அவர் ஏறத்தாழ 25 நிமிடங்கள் சிக்கிக் கிடந்தார். மீட்புப் பணியாளர் எவரும் வரவில்லை. சக ஓட்டுநர்களான கிரஹாம் ஹில்லும் பாப் பாண்டுரன்ட்டும் வேடிக்கை பார்க்க வந்த ஒருவரிடம் ஸ்பேனர் இரவல் வாங்கி, ஸ்டீயரிங்கைக் கழற்றி அவரை வெளியே எடுத்தார்கள். முதலுதவி அறையிலோ, சிகரெட் துண்டுகள் இறைந்த தரையில் ஸ்ட்ரெச்சரோடு கிடத்தப்பட்டார். ஏற்றிச் சென்ற ஆம்புலன்ஸும் வழி தவறியது.

அன்றுமுதல் ஒரு ஸ்பேனரை ஸ்டீயரிங்கோடு ஒட்டி வைத்துக்கொண்டே அவர் பந்தயம் ஓட்டினார். சீட் பெல்ட், தடுப்புகள், தடத்தருகே முறையான மருத்துவ வசதி ஆகியவற்றைக் கேட்டதற்காகக் கோழை என்ற பழியையும் சுமந்தார். மூன்று முறை உலகப் பட்டம் வென்றவரை அப்படிப் பழித்தது எத்தனை பெரிய அநியாயம்!

அவர் கேட்டுப் பெற்ற இரும்புத் தடுப்புகளும் எல்லாரையும் காக்கவில்லை. 1973இல் அமெரிக்காவின் வாட்கின்ஸ் கிளென் தடத்தில் அவருடைய அணித்தோழர் பிரான்சுவா செவெர் அத்தகைய தடுப்பில் மோதியே இறந்தார். அதுவே ஸ்டீவர்ட்டின் 100ஆவது பந்தயமாக இருந்திருக்கும்; அதில் இறங்காமலேயே அவர் ஓய்வு பெற்றார். 47 ஆண்டுகளுக்குப் பிறகு பஹ்ரைனில் பிளந்ததும் இரும்புத் தடுப்புதான். அடுத்த வாரம் அதே வளாகத்தில் மீண்டும் பந்தயம் நடந்தபோது, அந்த இடத்தில் தடுப்புக்கு முன்னால் டயர்களை அடுக்கி வைத்திருந்தார்கள்.