ஜோரா ஒருவாட்டி கை தட்டுங்க

நேயர்களுக்கு வணக்கம்.

சின்ன வயதில் சந்தைக்குப் போனால், வித்தைக்காரர் இருக்கும் இடத்தை விட்டு நகர மாட்டேன். கூடையைத் துணியால் மூடுவார், கோலால் அதைச் சுற்றி ஒரு வட்டம் போடுவார். எங்களுக்கு மூச்சு நின்றுவிடும். அந்த நேரம் பார்த்து நிமிர்ந்து, "எல்லாரும் ஜோரா ஒருவாட்டி கை தட்டுங்க" என்பார். உள்ளங்கை சிவக்கத் தட்டுவோம். அவர் பலமாகத் தட்டச் சொன்னாரா, நன்றாகத் தட்டச் சொன்னாரா? வெகுகாலம் கழித்துத்தான் இந்தக் கேள்வி எனக்கு வந்தது.

'ஜோர்' பாரசீகச் சொல். அங்கே அதற்கு வலிமை, வேகம் என்றுதான் பொருள். அழகு, அருமை என்பதெல்லாம் கிடையாது. இந்தியில் பலவீனமானவரைக் 'கம்ஜோர்' என்பார்கள். 'கம்' என்றால் குறைவு, வலுக் குறைந்தவர்.

பெங்களூரில் குடியிருந்தபோது, வீட்டுக்கார அம்மா ஒருநாள் தன் மருமகளைப் பற்றி "தும்பா ஜோரு" என்றார். புகழ்கிறார் என்று நினைத்து, "ஆமாம்மா, ரொம்ப ஜோர்" என்று நானும் தலையாட்டினேன். அம்மா முகம் மலர்ந்துவிட்டது! கன்னடத்தில் ஆளைப் பார்த்து 'ஜோரு' என்றால் அதட்டல் பேர்வழி, வாய்த்துடுக்கு என்று பொருளாம். அடைமழையும் அங்கே ஜோரு மழைதான். தெலுங்கிலும் 'ஜோரு' வேகத்தைத்தான் குறிக்கும். நாமும் மலையாளிகளும்தான் அதைப் பாராட்டாக மாற்றிக்கொண்டோம்.

பாரசீகச் சொல் தமிழுக்கு எப்படி வந்தது? 1649-இல் பீஜப்பூர்ப் படை செஞ்சிக் கோட்டையைப் பிடித்தது. 1698-இல் அது முகலாயர் கைக்குப் போனது. பிறகு ஆற்காட்டு நவாபுகள். அவர்களுடைய கச்சேரிகளில், அதாவது அரசு அலுவலகங்களில், எழுத்து வேலை பாரசீகத்தில் நடந்தது. தாசில்தார், வசூல், பாக்கி, ஜப்தி எல்லாம் அந்த வழியில் நம் வாயில் ஏறியவை. தஞ்சையை ஆண்ட மராட்டியர் பேச்சிலும் 'ஜோர்' உண்டு. 'சபாஷ்' கூடப் பாரசீகம்தான். 'மகிழ்ந்திரு' என்ற வாழ்த்து அது. எவ்வளவு அழகான வாழ்த்து!

பழைய வலு தமிழில் முழுக்கப் போய்விடவில்லை. "வியாபாரம் ஜோரா நடக்குது", "மழை ஜோராப் பிடிச்சுக்கிச்சு" என்கிறோமே, அங்கே பாரசீக வேகம் அப்படியே இருக்கிறது. "ரசம் ஜோர்", "புதுச்சட்டை ஜோரா இருக்கு" என்னும்போது வேகம் போய் ருசியும் அழகும் வந்துவிட்டன. வித்தைக்காரர் கேட்ட கைதட்டலில் இரண்டும் சேர்ந்திருந்தன என்பதே என் எண்ணம்.

என் பேத்தி 'ஜோர்' சொல்வதில்லை. அவளுக்கு எல்லாமே 'செம'. முதலில் எனக்கு வருத்தம்தான். அப்புறம் அவள் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டேன். காலையில் "செம மழை தாத்தா" என்றாள். மத்தியானம் தட்டை வழித்தபடியே, "குழம்பு செம" என்றாள்.

வணக்கம்.