சிறுநீர்த் தொற்றுக்கான மருந்தும் கூடவே விழுங்கும் மாத்திரைகளும்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், போய்விட்டு வந்த அடுத்த நிமிடமே மறுபடியும் முட்டுவது, அடிவயிற்றில் வலி, சிலருக்குக் குளிரோடு காய்ச்சல் என்று வரும் சிறுநீர்த் தொற்று என்ற இந்தத் தொல்லையை ஒருமுறையாவது அனுபவித்த பெண்கள் ஏராளம். புராஸ்டேட் சுரப்பி வீங்கிய முதியவர்களுக்கும், நீரிழிவு உள்ளவர்களுக்கும் இது அடிக்கடி வருகிறது. குடலில் வாழும் ஈ.கோலை என்ற பாக்டீரியாதான் பெரும்பாலும் காரணம். மருத்துவர் ஆன்டிபயாட்டிக் எழுதித் தருகிறார்; பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று நாட்களில் எரிச்சல் அடங்கிவிடுகிறது. அடங்காதபோது, கிருமி மருந்துக்குப் பழகிவிட்டது என்று முடிவுகட்டி, இன்னும் வீரியமான மருந்தைத் தேடுகிறோம். கிருமிகளின் எதிர்ப்புத்திறன் உண்மையான அபாயம்தான். சிப்ரோஃபிளாக்சசின் வகை மருந்துகளுக்கு ஈ.கோலை பெருமளவு கட்டுப்படாமல் போய்விட்டதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆண்டறிக்கைகள் தொடர்ந்து காட்டிவருகின்றன. ஆனாலும், கிருமியின் மேல் பழி போடுவதற்கு முன்னால் கேட்டாக வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அந்த மாத்திரையோடு சேர்ந்து வேறு என்னென்ன வயிற்றுக்குள் போயின என்பதுதான் அது. இந்தக் கேள்வியை நோயாளியும் கேட்பதில்லை, அவசரத்தில் மருத்துவர்களாகிய நாங்களும் பல நேரம் கேட்பதில்லை.

60 வயதைத் தாண்டிய ஒரு தாயாரின் மாத்திரைப் பையை எடுத்துக்கொள்வோம். அதில் பிரஷர் மாத்திரை, சர்க்கரை மாத்திரை, எலும்புத் தேய்மானத்துக்கான கால்சியம் மாத்திரை, இரத்தசோகைக்கான இரும்புச்சத்து மாத்திரை, வயிற்றெரிச்சலுக்கான ஆன்டாசிட் திரவம் எல்லாம் இருக்கின்றன. இவருக்குச் சிறுநீர்த் தொற்று வந்து, காலையும் இரவும் சாப்பிடச் சொல்லி சிப்ரோஃபிளாக்சசின் தரப்படுகிறது. எல்லாவற்றையும் உணவுக்குப் பின் ஒரே கையில் எடுத்துப் போட்டு, ஒரே டம்ளர் தண்ணீரில் விழுங்கிவிடுவது நம் வீடுகளில் வழக்கம். இங்கேதான் சிகிச்சை சறுக்குகிறது. கால்சியம், இரும்பு, துத்தநாகம், ஆன்டாசிடில் உள்ள அலுமினியம், மெக்னீசியம் ஆகிய உலோக அயனிகள் வயிற்றில் சிப்ரோஃபிளாக்சசின் மூலக்கூறைப் பற்றிக்கொண்டு, குடற்சுவர் உறிஞ்ச முடியாத ஒரு கூட்டுப்பொருளாக மாற்றிவிடுகின்றன. அலுமினியமும் மெக்னீசியமும் கலந்த ஆன்டாசிடோடு சேர்த்து எடுத்தால், உடலுக்குள் சேரும் சிப்ரோஃபிளாக்சசினின் அளவு 90 சதவீதம் வரை குறையக்கூடும் என்று அந்த மருந்தின் தகவல் குறிப்பேடு எச்சரிக்கிறது. 500 மில்லிகிராம் மாத்திரையை விழுங்கிய அந்தத் தாயாருக்கு உண்மையில் கிடைத்தது 50 மில்லிகிராம் அளவுக்கே இருக்கலாம். அவ்வளவு குறைந்த அளவு கிருமியைக் கொல்லாது. மருந்தைத் தாக்குப்பிடிக்கும் கிருமிகள் மட்டும் பிழைத்துப் பெருக வழிவிடும். எதிர்ப்புத்திறன் என்று நாம் அஞ்சுவதற்கு நாமே கதவைத் திறந்துவிடுகிறோம்.

இதைத் தவிர்ப்பது கடினமான காரியமல்ல, நேரத்தை மட்டும் பிரித்துக்கொண்டால் போதும். இந்த உலோகச் சத்துகளை எடுப்பதற்குக் குறைந்தது 2 மணி நேரம் முன்னதாகவோ, எடுத்து 6 மணி நேரம் கழித்தோ சிப்ரோஃபிளாக்சசினைச் சாப்பிட வேண்டும். ஆன்டிபயாட்டிக்கைக் காலை 7 மணிக்கும் இரவு 7 மணிக்கும் வைத்துக்கொண்டு, இரும்புச்சத்து மாத்திரையைப் பகல் 12 மணி வாக்கில் சாப்பிட்டால் இரண்டும் சந்திக்காது. மருத்துவர் ஒப்புக்கொண்டால், அந்தச் சில நாட்களுக்குக் கால்சியத்தையும் இரும்பையும் நிறுத்திவைப்பது இன்னும் எளிது. எலும்புக்கும் இரத்தத்துக்கும் ஐந்தாறு நாள் இடைவெளியால் கேடு வந்துவிடாது. பாலும் தயிரும்கூட இதே வேலையைச் செய்யும் என்பதால், இந்த மாத்திரையை உணவில்லாமல் வெறும் பாலோடோ தயிரோடோ விழுங்கக் கூடாது. சாப்பாட்டின் ஒரு பகுதியாகத் தயிர் இருந்தால் பெரிய பாதகமில்லை.

வயிற்றைக் காக்கவென்று ஆன்டிபயாட்டிக்கோடு, அமிலத்தை அடக்கும் பான்டோபிரசோல் மாத்திரையைச் சேர்த்தே எழுதுவது நம்மூரில் ஏறக்குறைய அனிச்சைச் செயலாகிவிட்டது. ஆனால் செஃபுராக்சிம், செஃப்போடாக்சிம் ஆகிய இரண்டு ஆன்டிபயாட்டிக் மாத்திரைகளும் நன்றாக உறிஞ்சப்பட வயிற்றில் அமிலம் வேண்டும். அமிலத்தை அடக்கும் மருந்து அந்த உறிஞ்சுதலைக் குறைக்கிறது. தேவையில்லாத துணை மாத்திரையை எழுதாமல் இருப்பதும் மருத்துவம்தான் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்து, என் மனத்தில் நெடுநாளாக உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு விஷயத்துக்கு வருகிறேன். சிறுநீர்ப்பையோடு நிற்கும் சாதாரணத் தொற்றுக்கு இன்று பல நாடுகளிலும் முதல் வரிசையில் வைக்கப்படும் மருந்து நைட்ரோஃபுரான்டாயின். 1953இல் அமெரிக்காவில் புழக்கத்துக்கு வந்த இந்தப் பழைய மருந்துக்கு இன்னும் பெரும்பாலான ஈ.கோலை கிருமிகள் கட்டுப்படுகின்றன. இது இரத்தத்தில் மிகக் குறைவாகவே தங்கும். சிறுநீரகம் இதைச் சேகரித்துச் சிறுநீரில் குவிக்கிறது, அங்கேதான் இது வேலை செய்கிறது. சிறுநீர் அமிலத்தன்மையோடு இருக்கும்போது இதன் வீரியம் கூடுகிறது, காரத்தன்மை ஏற ஏறக் குறைகிறது. ஆனால் எரிச்சலுக்கு இதமாக இருக்கும் என்று இதனோடு சேர்த்துக் கொடுக்கப்படுவது என்ன? சோடியம் சிட்ரேட்டோ பொட்டாசியம் சிட்ரேட்டோ கலந்த, சிறுநீரைக் காரமாக்கும் சிரப். கடையில் நாமே கேட்டு வாங்குவதும் அதையே. வயிற்று உப்புசத்துக்குக் குடிக்கும் சோடா உப்பு மருந்துகளும் இதே திசையில்தான் இழுக்கின்றன. ஒரு கையால் கிருமியை அடிக்கும் மருந்தைக் கொடுத்து, மறு கையால் அதன் பலத்தைப் பறிக்கிறோம். பிரிட்டனின் தேசிய சுகாதார சேவை, நைட்ரோஃபுரான்டாயினோடு இவ்வகைச் சிட்ரேட் மருந்துகளைச் சேர்க்க வேண்டாம் என்று பொதுமக்களுக்கே வெளிப்படையாகச் சொல்கிறது. சல்ஃபா மருந்துகள் கோலோச்சிய காலத்தில், அவை சிறுநீரில் படிகமாக உறைந்துவிடாமலிருக்கக் காரம் சேர்த்துக் கொடுத்தார்கள். அந்த மருந்துக்கு அது நியாயமான முன்னெச்சரிக்கை. மருந்து மாறிய பிறகும் சிரப் மட்டும் சீட்டில் நிலைத்துவிட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது. சிப்ரோஃபிளாக்சசினோடும் இந்த சிரப் பொருந்தாது, ஏனென்றால் அந்த மருந்து காரமான சிறுநீரில்தான் படிகமாகப் படியும்.

நைட்ரோஃபுரான்டாயினை உணவோடு சாப்பிட்டால் உறிஞ்சுதலும் கூடும், குமட்டலும் குறையும். மெக்னீசியம் டிரைசிலிகேட் கலந்த ஆன்டாசிடை அதனோடு சேர்க்கக் கூடாது. சிறுநீர் பழுப்பு நிறமாகப் போனால் பயந்து மருந்தை நிறுத்திவிடாதீர்கள், அது மருந்தின் நிறம். சிறுநீரகம் வெகுவாகத் தளர்ந்தவர்களுக்கு இந்த மருந்து சிறுநீரில் போதிய அளவு சேராது என்பதால், அவர்களுக்கு மருத்துவர் வேறு மருந்தைத் தேர்ந்தெடுப்பார். தண்ணீரில் கரைத்து ஒரே வேளை குடிக்கும் 3 கிராம் ஃபாஸ்போமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் தூளுக்கு எதிரி, வாந்திக்குத் தரும் மெட்டோகுளோபிரமைட். அது குடலின் ஓட்டத்தை முடுக்கி, மருந்து சிறுநீரில் சேரும் அளவைக் குறைத்துவிடுகிறது.

இதுவரை சொன்னவை, மற்றப் பொருட்கள் ஆன்டிபயாட்டிக்கைக் கெடுக்கும் விதம். ஆன்டிபயாட்டிக், நாம் வழக்கமாகச் சாப்பிடும் மருந்தைத் தாறுமாறாக்குவதும் உண்டு. அதில் உயிருக்கே ஆபத்து வரலாம்.

கோ-டிரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரையில் டிரைமெத்தோபிரிம், சல்ஃபாமெத்தாக்சசோல் என்ற இரண்டு மருந்துகள் உள்ளன. இவற்றில் டிரைமெத்தோபிரிம், சிறுநீரகத்தின் நுண்குழாய்கள் பொட்டாசியத்தை வெளியேற்றும் வேலையைத் தடுக்கிறது. பிரஷருக்கும் இதய பலவீனத்துக்கும் தரப்படும் எனலாபிரில், ராமிபிரில், லோசார்டான், டெல்மிசார்டான் ஆகியவையும் ஸ்பைரோனோலாக்டோனும் தம் பங்குக்குப் பொட்டாசியத்தை உடலில் தேக்கிவைப்பவை. இரண்டும் சேர்ந்தால், வயதானவர்களுக்கு, அதிலும் சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு, சில நாட்களிலேயே இரத்தத்தில் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு ஏறிவிடலாம். கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் 66 வயதை எட்டியவர்களின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2010இல் வெளியான ஆய்வு ஒன்று, இவ்வகைப் பிரஷர் மருந்துகளோடு கோ-டிரைமாக்சசோல் எடுத்தவர்கள் பொட்டாசியம் மிகுந்து மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு, அமாக்சிசிலின் என்ற வேறோர் ஆன்டிபயாட்டிக் எடுத்தவர்களைவிட ஏறக்குறைய 7 மடங்கு என்று கண்டது. ஸ்பைரோனோலாக்டோன் எடுப்பவர்களிடம் அது 12 மடங்கு என்று 2011இல் தெரியவந்தது. பொட்டாசியம் ஏறுவது வெளியே தெரியாது. கைகால் சோர்வு என்று அலட்சியப்படுத்திக்கொண்டிருக்கும்போதே இதயத் துடிப்பு தடம் மாறிவிடலாம்.

இந்த இடத்தில் நம் வீட்டு வைத்தியத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நீர்க்கடுப்பு என்றதும் நாம் முதலில் நாடுவது இளநீரை. ஆரோக்கியமான ஓர் இளம்பெண்ணுக்கு அது நல்ல பானம், எனக்கும் அதில் மறுப்பில்லை. ஆனால் இளநீரில் பொட்டாசியம் நிறைய உண்டு. டெல்மிசார்டான் சாப்பிடும் 70 வயதுப் பெரியவர், கோ-டிரைமாக்சசோலும் எடுத்துக்கொண்டு, சூடு தணியட்டும் என்று நாளுக்கு மூன்று நான்கு இளநீர் குடித்தால், பொட்டாசியத்தை ஏற்றும் மூன்று வழிகளும் ஒருசேரத் திறந்துவிடுகின்றன. அதற்காகப் பிரஷர் மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடவும் கூடாது. மருத்துவரிடம் சொன்னால் அவர் வேறு ஆன்டிபயாட்டிக் எழுதுவார், அல்லது சில நாட்களில் பொட்டாசியத்தைப் பரிசோதிக்கச் சொல்வார்.

கிளைமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்களுக்குக் கோ-டிரைமாக்சசோலும் சிப்ரோஃபிளாக்சசின் வகையும் இரத்தச் சர்க்கரையைத் திடீரென்று கீழே தள்ளக்கூடும். காய்ச்சலில் சரியாகச் சாப்பிடாமல் மாத்திரையை மட்டும் விழுங்குபவர்கள் இதில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறினால் உடனே சர்க்கரை கரைத்துக் கொடுங்கள், நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். இடுப்பு வலிக்காகத் தசையைத் தளர்த்தும் டைசானிடின் கலந்த வலி மாத்திரை கடைகளில் சகஜமாகக் கிடைக்கிறது. சிப்ரோஃபிளாக்சசின் அதன் அளவை இரத்தத்தில் 10 மடங்கு வரை உயர்த்திவிடும் என்பதால், இரண்டையும் சேர்த்துக் கொடுக்கவே கூடாது. இரத்த அழுத்தம் சரிந்து மயங்கி விழ நேரும். சிறுநீர்த் தொற்று சிறுநீரகத்துக்கு ஏறும்போது வருவதும் இடுப்புக்கு மேலே முதுகுப்புற வலிதான். அதைத் தசைவலி என்று நினைத்து அந்த மாத்திரையை வாங்கி விழுங்குபவர்கள் இருப்பார்கள் என்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன். ஆஸ்துமாவுக்கான தியோபிலினும் இதே வழியில் உடலில் தேங்கும். மூட்டுவாதத்துக்கு மெத்தோடிரெக்சேட் சாப்பிடுபவர்களுக்குக் கோ-டிரைமாக்சசோல் எலும்பு மஜ்ஜையையே முடக்கிவிடலாம்.

மாத்திரைக்குக் கட்டுப்படாத கிருமி என்று பரிசோதனையில் தெரிந்து, மருத்துவமனையில் மெரோபெனம் என்ற ஆன்டிபயாட்டிக் ஊசி போடும்போது, வலிப்பு நோய்க்கு வால்ப்ரோயேட் சாப்பிடுபவர்கள் அதைக் கட்டாயம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஓரிரு நாட்களிலேயே வால்ப்ரோயேட்டின் அளவு இரத்தத்தில் சரிந்து, பல ஆண்டுகளாக அடங்கியிருந்த வலிப்பு திரும்பிவிடக்கூடும். வால்ப்ரோயேட்டின் அளவைக் கூட்டிக் கொடுத்தும் இந்தச் சரிவை ஈடுகட்ட முடிவதில்லை.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது பழைய சீட்டை மட்டும் கொண்டு போகாமல், வீட்டில் நீங்கள் உண்மையில் சாப்பிடும் எல்லாவற்றையும், சத்து மாத்திரை, லேகியம், சூரணம் உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். அட்டையைக் கத்தரித்துத் தனி மாத்திரையாக வாங்கும்போது பெயர் போய்விடும், ஆகவே பெயர் தெரியும்படி வாங்குங்கள். கருத்தடை மாத்திரை பற்றிப் பெண்கள் கேட்பதுண்டு. இன்று நான் குறிப்பிட்ட ஆன்டிபயாட்டிக்குகள் அதன் பலனைக் குறைப்பதில்லை. ஆனால் வாந்தியோ கடும் வயிற்றுப்போக்கோ வந்தால் அந்த மாத்திரை உடலில் சேராமல் போகலாம்.

இறுதியாக, செயற்கை இதய வால்வு பொருத்தப்பட்டோ வேறு காரணத்தாலோ, இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு ஒரு சொல். கோ-டிரைமாக்சசோல் வார்ஃபரினின் சிதைவைத் தடுத்து இரத்தம் உறையும் தன்மையை வெகுவாகக் குறைக்கிறது. சிப்ரோஃபிளாக்சசினும் அப்படிச் செய்யக்கூடும். ஆன்டிபயாட்டிக் தொடங்கிய மூன்று நான்கு நாட்களுக்குள், இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஈறில் இரத்தம் கசிந்தாலோ, மலம் கறுத்துப் போனாலோ காத்திருக்காதீர்கள். ஆன்டிபயாட்டிக் முடிந்ததும் அந்தத் தடை நீங்கிவிடும் என்பதால், இடையில் மருத்துவர் வார்ஃபரினைக் குறைத்திருந்தால், முடித்த அடுத்த வாரம் மறுபடியும் ஒரு ஐ.என்.ஆர். பார்த்து, பழைய அளவுக்குத் திரும்ப வேண்டுமா என்று அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நன்றி, வணக்கம்.